பேய்ப்படத்தின் ஒலியிலிருந்து ஓர் இண்டஸ்ட்ரியல் டான்ஸ் ஆல்பம்

பேய்ப்படத்திலிருந்து ஒரு வசனத்தை வெட்டி, பாட்டின் முகப்பில் ஒட்டிவிட்டு, அதன்பின் வழக்கமான நடனப் பாட்டு ஒன்றைத் தொடங்குவது எளிது. ஆனால் அந்த வசனத்தை எடுத்துவிட்டாலும் பாட்டில் எதுவும் குறையாது. 1980களின் பிற்பாதியில் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த இண்டஸ்ட்ரியல் (எந்திர இரைச்சலைத் தாளமாக்கும் மின்னணு இசை) குழுவான ஸ்கின்னி பப்பி போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் பாடல்களில் படத்தின் ஒலி தாளத்துக்குள்ளேயே புகுந்து வேலை செய்யும். இங்கே சொல்லும் முறையும் அதற்குத்தான்: கதவொலி ஸ்நேர் டிரம்மாக வேண்டும், அலறல் சின்த் (மின்னணு இசைக்கருவி) ஒலியாக வேண்டும், வசனத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

எந்தப் படம்?

முதலில் உரிமையைப் பாருங்கள். ஸ்கின்னி பப்பியின் 1992 ஆல்பமான ‘லாஸ்ட் ரைட்ஸ்’ஸிலிருந்து ஒரு பாட்டையே நீக்க வேண்டியிருந்தது. அதிலிருந்த அமெரிக்க உளவியலாளர் டிமோதி லியரியின் குரலுக்கு அனுமதி கிடைக்காததுதான் காரணம். 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அமெரிக்காவில் பொதுச்சொத்து. படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. ஆனால் அதன் பின்னணி இசை ஆயத்த இசைத் தொகுப்பிலிருந்து வாங்கியது, அதன் உரிமை தனி. ஆகவே இசை ஓடாத இடங்களில் மட்டும் வெட்டுங்கள். இந்தியாவில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டுக்கும் கதைக்கும் தனிக் கணக்கு உண்டு.

‘இரண்டு நொடிதானே’ என்பது பாதுகாப்பு இல்லை. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் பாட்டிலிருந்து எடுத்த சுமார் இரண்டு நொடித் தாளத்துக்காக நடந்த வழக்கில், காதால் அடையாளம் காண முடிகிற துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அனுமதி தேவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொன்னது.

ஒரு பாட்டுக்கு ஒரு படம் போதும். மூன்று படங்களைக் கலந்தால் மூன்று அறைகளின் எதிரொலி ஒன்றோடொன்று மோதும்.

ஒலியை எடுத்தல்

படத்தின் ஒலித்தடத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம். சுருதியைக் கீழே இறக்கும்போது அதன் குறைகள் பளிச்சென்று தெரியும். பழைய மோனோ படம் என்றால் இடது தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவே இம்மி நேர வித்தியாசம் இருந்தாலும், கூட்டும்போது குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும்.

ஐரோப்பிய பிஏஎல் (PAL தொலைக்காட்சி முறை) டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடும். குரல் ஏறத்தாழ 0.7 செமிடோன் (அரைச்சுரம்) உயர்ந்திருக்கும். வேகத்தை 96 சதவீதமாக்கினால் சரியாகும். இதைக் கவனிக்காமல் விட்டால், சாம்பிளுக்கும் (படத்திலிருந்து வெட்டிய துண்டு) பேஸுக்கும் (தாழ்சுர இசை) ஏன் சுருதி சேரவில்லை என்று நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இரைச்சல் நீக்கியை 6 முதல் 8 டெசிபெல்லுக்கு மேல் போடாதீர்கள், குரல் தண்ணீருக்குள் முழுகியதுபோல ஆகிவிடும். பழைய ஒளித்தட ஒலியில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. அங்கே உயர்த்தினால் சீறல்தான் உயரும். அந்தச் சீறலையும் பயன்படுத்தலாம். வசனம் முடியும் இடத்தில் சீறல் சட்டென்று அறுந்தால் காது உடனே பிடித்துவிடும். யாரும் பேசாத மூன்று நொடியைப் படத்திலிருந்தே எடுத்து, லூப்பாக்கி (திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து), அந்தப் பகுதி முழுவதும் அடியில் மெல்ல ஓடவிடுங்கள். தையல் தெரியாது.

ஒவ்வொரு துண்டின் கோப்புப் பெயரிலும் படம், நேரக் குறியீடு, ஒலி, சுருதி நான்கையும் எழுதுங்கள். 200 துண்டுகள் சேர்ந்த பிறகு ‘அலறல்_புதுசு_2’ என்ற பெயர் எதற்கும் உதவாது. உரிமைப் பட்டியல் கேட்டால் கொடுக்கவும் இதுவே கைகொடுக்கும்.

தாளம்

வேகத்தை 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 அடி) வையுங்கள். அதில் ஒரு அடி 480 மில்லிநொடி, பதினாறில் ஒன்று 120, நாலடி சேர்ந்த ஒரு பார் 1.92 நொடி. இந்த மூன்று எண்களும் கடைசிவரை வேண்டும்.

கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) நாலடிக்கும் விழட்டும். சைன் அலை, சுருதி 200 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு சுமார் 50 மில்லிநொடியில் இறங்கட்டும். பிறகு டிஸ்டார்ஷன், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு.

ஸ்நேரில்தான் படம் நுழைகிறது. முதல் 20 மில்லிநொடி டிரம் மெஷினுடையது, மீதி படத்தில் அறைந்து சாத்தும் கதவு. கதவொலியை மட்டும் போட்டால் அடி பிந்தி விழுந்ததுபோல இருக்கும். கதவின் உச்சம் மெதுவாக ஏறுவதால் வரும் கோளாறு இது. இதன்மேல் 1.5 நொடி பிளேட் ரிவெர்ப் (உலோகத் தகட்டு எதிரொலி) வைத்து, அதை 240 மில்லிநொடியில் நாய்ஸ் கேட் (ஒலியைச் சட்டென்று அடைக்கும் கருவி) கொண்டு வெட்டுங்கள். ஹை-ஹேட்டுக்கு (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) பதில் சங்கிலி உரசல், சரளைக்கல் காலடி எல்லாம் நன்றாக உட்காரும்.

பேஸ் பதினாறாக ஓடும் சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை, 24 டெசிபெல் ஃபில்டர், டிகே (ஒலி அடங்கும் நேரம்) 80 முதல் 100 மில்லிநொடி. ஈ (E) சுரத்தில் நின்று அவ்வப்போது அதற்கு அரைச்சுரம் மேலுள்ள எஃப்பை (F) தொட்டுத் திரும்பினாலே அச்சம் வந்துவிடும். கிக் விழும்போது பேஸ் 3, 4 டெசிபெல் தாழட்டும்.

அலறலைச் சின்த்தாக்குதல்

அலறலை அப்படியே விட்டால் இரண்டாம் முறையே சலித்துவிடும். ஒரே உயிரொலி நீளும் அரை நொடியைத் தேர்ந்தெடுங்கள். டைம்-ஸ்ட்ரெட்ச் (சுருதி மாறாமல் நீட்டுவது) வேண்டாம். பழைய சாம்ப்ளர்போல வேகத்தைக் குறைத்தே சுருதியை இறக்குங்கள். ஐந்து செமிடோன் இறக்கினால் நீளம் 1.33 மடங்கு, ஒரு ஆக்டேவ் இறக்கினால் இரண்டு மடங்கு. ஒரு ஆக்டேவ் கீழே பெண்ணின் அலறல் பெயர் தெரியாத விலங்கின் ஓலமாகிவிடுகிறது. லூப் புள்ளியில் 100 மில்லிநொடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேய மற்றொன்று எழும் இணைப்பு) கொடுக்காவிட்டால் டிக் டிக் என்று கேட்கும்.

அதன்பின் 12 பிட்டுக்கு இறக்குங்கள். 1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 சாம்ப்ளர் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. அந்தச் சொரசொரப்பு இந்த இசையின் தோல். 8 பிட்டுக்குப் போனால் ஒலி அடங்கும் வாலில் இரைச்சல் விட்டுவிட்டு எழும், அடர்ந்த இடங்களுக்கு மட்டும் அது.

வசனம்

வசனத்தின் தொடக்கத்தை அடியில் வைக்காதீர்கள். அழுத்தி உச்சரிக்கும் அசையைத்தான் வைக்க வேண்டும். அந்த அசை 310 மில்லிநொடியில் வந்தால், துண்டை அடிக்கு 310 மில்லிநொடி முன்பே தொடங்க வையுங்கள். முழு வசனத்தையும் இழுத்து நீட்டாமல், சொற்களுக்கு இடையேயுள்ள மௌனத்தை வெட்டியோ நீட்டியோ தாளத்துக்குக் கொண்டுவாருங்கள். வெட்டுமுனையில் 5 மில்லிநொடி ஃபேடு. நடிகரின் மூச்சை வெட்டிவிடாதீர்கள், பயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

குரல் மூழ்கினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். சின்த்தில் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபெல் குறைத்தால் போதும். 360 மில்லிநொடி டிலே (தாமதித்து வரும் எதிரொலி), அதாவது புள்ளியிட்ட எட்டில் ஒன்று (மூன்று பதினாறில் ஒன்றுகளின் நீளம்), வசனத்தை அடிகளுக்கு இடையே நெய்துவிடும்.

முதல் தடவை முழு வசனம், நடுவில் பாதி, இறுதியில் ஒரே ஒரு சொல். நடுவில் கிக்கை எட்டு பார் நிறுத்தி, அந்த 15 நொடியில் காற்றும் காலடியும் மட்டும் ஓடட்டும். கிக் திரும்பும் அடிக்கு ஒரு அடி முன்னால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், படத்தின் சீறலைக்கூட.

ஆல்பமாக

எட்டுப் பாட்டு, 40 நிமிடத்துக்கு மிகாமல். வினைல் நோக்கமென்றால் பக்கத்துக்கு 20 நிமிடம் தாண்டினால் பேஸ் மெலியும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக இருக்கட்டும். மாஸ்டரில் உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். எட்டிலும் வசனம் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று பாட்டுகளில் மனிதப் பேச்சே கேட்காமல், படம் கதவாகவும் காற்றாகவும் ஓலமாகவும் மட்டும் இருக்கட்டும்.