நூற்றுக்கு எழுபத்திரண்டு: செம்புக் கார்பனேட்டை எடை போட்டுப் பார்ப்பது

ஸ்பெயினில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் புரூஸ்ட் 1799-இல் ஒன்றைக் காட்டினார்: மண்ணில் கிடைத்த செம்புக் கார்பனேட்டாகட்டும், ஆய்வகத்தில் செய்ததாகட்டும், உள்ளிருக்கும் தனிமங்களின் எடை விகிதம் ஒன்றுதான். செம்புக் குடத்தில் ஏறும் பச்சைக் களிம்புக்கு நெருங்கிய சொந்தம் இந்தப் பொடி. மதுரைப் பள்ளி ஆய்வகம் ஒன்றிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்: பொடியை நாமே செய்து, சுட்டு, மிஞ்சும் கருப்புச் செம்பு ஆக்சைடு முதல் எடையில் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதுதான் வழி.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) நாட்டுமருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும். பச்சை ஓடியிருந்தால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்திருக்கலாம். ஆழ்ந்த நீலக் கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். சலவைச் சோடாவும் வேண்டாம்: சித்திரை வெயிலில் அதிலுள்ள நீர் பறந்து மாவாகிவிடும், பிறகு எடையை நம்ப முடியாது. ஆப்பச்சோடா போதும்.

10 கிராம் மயில்துத்தத்தை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, 50-60 டிகிரியில் வையுங்கள். 7 கிராம் ஆப்பச்சோடாவை வேறு 100 மில்லியில் கரைத்து, அதைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். அவசரப்பட்டால் நுரை பொங்கி வழியும். முதலில் வருவது நீலக் கூழ். அப்போதே வடிகட்டினால் தாள் அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு விட்டால் பச்சைப் பொடியாகப் படியும். கொதிக்க மட்டும் விடாதீர்கள், பொடி கறுக்கத் தொடங்கும். கறுத்த பகுதி அப்போதே ஆக்சைடாகிவிட்டது, கணக்கு கெட்டுப்போகும்.

ஐந்து முறையாவது கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் சல்பேட் இன்னும் போகவில்லை. பிறகு 100 டிகிரியில் காயவைத்து, அடுத்தடுத்து இரண்டு எடை ஒத்துவரும்வரை விடாதீர்கள். 4 கிராம் தேறினால் நல்ல விளைச்சல்.

இனி சுடுவது. பீங்கான் மூசையில் (சுடுவதற்கான சிறு கிண்ணம்) சரியாக 2.00 கிராம் பொடி. நகைப்பட்டறையில் கரி கலந்த மூசை கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அந்தக் கரியே ஆக்சைடைச் செம்பாக்கிவிடும். முதலில் சிறு தீ. நீராவியும் கரியமில வாயுவும் வேகமாகக் கிளம்பினால் பொடியும் கூடவே பறக்கும். முழுக்கக் கறுத்ததும் தீயைக் கூட்டி, ஆறவிட்டு, எடை போட்டு, மறுபடி சுடுங்கள். சூட்டோடு எடை போட்டால் குறைத்துக் காட்டும். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள்: ஒரு சென்டிகிராம் பிசகினாலே அரை விழுக்காடு போச்சு.

வரவேண்டியது 1.44 கிராம், அதாவது 72 விழுக்காடு. குறைந்தால் ஈரம் மிச்சம், அல்லது பொடி பறந்திருக்கிறது. கூடினால் முழுக்கச் சுடவில்லை, அல்லது சல்பேட் ஒட்டியிருக்கிறது. ஆப்பச்சோடாவின் அளவைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு தொகுதி செய்து, அதுவும் 72-க்கே வருகிறதா என்று பாருங்கள். புரூஸ்ட் சொன்னது பிடிபடுவது அந்த இரண்டாம் எடையில்தான்.

வடிகட்டியதில் மிஞ்சும் நீல நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், மீனுக்கு நஞ்சு. பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு ஒரு நாள் வையுங்கள்: நீலம் வெளுத்து, ஆணிமேல் செம்பு செந்நிறப் பொருக்காக ஏறியிருக்கும்.