பகடி டப்பிங்குக்கு ஒரு பட்டிமன்றம்: சென்னையில் நடத்துவது எப்படி?

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) காட்சிக்கு ரசிகர்களே வசனத்தை மாற்றிக் கிண்டலாகக் குரல் கொடுப்பதுதான் பகடி டப்பிங். அதற்குப் பட்டிமன்றம் வைக்க முதலில் தலைப்பு. 'சூப்பர் ஹீரோ அனிமேவைப் பகடி செய்யலாமா, கூடாதா?' என்று வைத்தால் பத்தாவது நிமிஷத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான். முதலில் பேசுகிறவர் 'ஒன் பன்ச் மேன்' என்பார், எதிரணி வாயை மூடிக்கொள்ளும். சூப்பர் ஹீரோ கதைகளைக் கலாய்ப்பதற்கென்றே பிறந்த கதை அது. அதே சமயம் நல்ல சூப்பர் ஹீரோ அனிமே என்று பட்டியல் போட்டால் அதிலும் முதல் வரிசையில் வரும். இரண்டு அணியுமே அதைத் தங்கள் சாட்சியாகக் கூப்பிடும். பிறகு மேடையில் நடப்பது வாதம் இல்லை, 'பகடி என்றால் என்ன?' என்ற இழுபறி.

அதனால் எந்த வகைப் பகடி என்று தலைப்பிலேயே வேலி போட்டுவிடுங்கள். மொத்தம் மூன்று வகை. கதையே பகடியாக இருப்பது ஒன்று. 2009-ல் 'ஒன்' என்ற புனைபெயரில் எழுதுகிறவர் இணையத்தில் தொடங்கி, 2012 முதல் யூசுகே முராட்டா மறுபடி வரைந்து, 2015-ல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 12 எபிசோடாக எடுத்த 'ஒன் பன்ச் மேன்' இந்த வகை. 2008-ல் வந்த 'டென்டாய் சென்ஷி சன்ரெட்'டும் இதில் சேரும். அதன் ஹீரோ ஜப்பானின் கவாசாகி நகரில் காதலி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு பச்சிங்கோ சூதாட்டம் ஆடுவார். இரண்டாவது வகை, ஒரிஜினலை வெளியிடுகிற நிறுவனமே கொண்டுவரும் பகடி. சூப்பர் ஹீரோ பள்ளிக் கதையான 'மை ஹீரோ அகாடெமியா'வுக்கு ஹிரோஃபூமி நெடா வரைந்த 'ஸ்மாஷ்!!' நாலு கட்டக் காமிக்ஸ் அப்படிப்பட்டது. மூன்றாவது வகை, காட்சியை அப்படியே எடுத்துக்கொண்டு ரசிகர்களே வசனத்தை மாற்றிக் குரல் கொடுப்பது. 2006-ல் 'யூ-கி-ஓ!' என்ற அனிமேவை வெட்டிச் சுருக்கி ஒருவர் இப்படிச் செய்ய ஆரம்பித்தார், அது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது.

முதல் இரண்டு வகைக்கு யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. அடிதடி எல்லாம் மூன்றாவதில்தான். தலைப்பை அங்கே வையுங்கள்: 'ரசிகர்களின் பகடி டப்பிங், ஹீரோவைத் தூக்கி நிறுத்துகிறதா? காலை வாரிவிடுகிறதா?' மற்ற இரண்டு வகையையும் ஒப்பிட்டுப் பேசலாம், ஆனால் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று அணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆட்களும் நேரமும்

அணிக்கு மூன்று பேர் போதும். ஆளுக்கு 7 நிமிஷம். 6-வது நிமிஷத்தில் ஒரு மணி, 7-வதில் இரண்டு மணி. நடுவர் முன்னுரை 8 நிமிஷம், ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே அவர் பேசுவது எல்லாம் சேர்த்து 10, அணித் தலைவர்களின் மறுப்பு தலா 3, தீர்ப்பு 12. கிளிப் ஓடும் நேரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஹாலை மூன்று மணி நேரத்துக்கு எடுங்கள். ஒலி சரிபார்க்க அரை மணி போய்விடும், சென்னைக் கூட்டம் வந்து சேர இன்னொரு அரை மணி.

யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். விருப்பத்துக்கு விட்டால் பகடி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமும், ஜப்பானிய மொழியில் மட்டும்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் எல்லாரும் மறுபக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் குத்திக்காட்டுவதுதான் நடக்கும். நடுவர் பகடி வீடியோ எதிலும் குரல் கொடுத்தவராக இருக்கக் கூடாது. அனிமேவே பார்க்காத, மேடைப் பழக்கம் மட்டும் உள்ள நடுவரும் வேண்டாம். அவர் 'ஒன் பன்ச் மேன்' ஹீரோ சைதாமாவை 'சைத்தான்' என்று சொன்ன நொடியில் கூட்டம் அவரை விட்டுப் போய்விடும்.

கிளிப்

இந்தப் பட்டிமன்றத்தின் உயிர் கிளிப்பில் இருக்கிறது. ஒரு பேச்சாளருக்கு ஒரு காட்சிதான். அதையும் ஜோடியாகப் போட வேண்டும்: முதலில் ஜப்பானியக் குரலும் தமிழ் சப்டைட்டிலுமாக ஒரிஜினல் 20 விநாடி, உடனே அதே காட்சியின் பகடி 20 விநாடி. பகடியை மட்டும் போட்டால், ஒரிஜினலைப் பார்க்காதவர் எதைக் கலாய்க்கிறார்கள் என்றே தெரியாமல் பக்கத்து ஸீட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

என்ன காட்சி எடுப்பது? சிரிப்புக் காட்சி வேண்டாம், கனமான காட்சியாக எடுங்கள். 'ஒன் பன்ச் மேன்' முதல் சீசன், 9-வது எபிசோடைப் பாருங்கள். கொட்டுகிற மழையில் ஆழ்கடல் மன்னன் என்ற அரக்கன் முன்னால் முமென் ரைடர் என்ற ஹீரோ நிற்கிறார். அவருடைய வாகனம் சைக்கிள். ஜெயிக்க முடியாது என்று அவருக்கே தெரியும், இருந்தும் நிற்கிறார், அடி வாங்குகிறார். பிறகு சைதாமா வந்து ஒரே குத்தில் முடிக்கிறார். காப்பாற்றப்பட்ட கூட்டத்திலிருந்தே ஒருத்தன், இவ்வளவு சுலபமா முடிஞ்சுதுன்னா முன்னாடி அடிவாங்கின ஹீரோக்கள் எல்லாம் சும்மாதானா என்று இழுக்கிறான். சைதாமா உடனே, மற்றவர்கள் அடித்துக் களைக்க வைத்த பிறகுதான் நான் வந்து பெயரைத் தட்டிக்கொண்டேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் காட்சிக்குச் சென்னைத் தமிழில் குரல் கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஆழ்கடல் மன்னன் வாயில் 'இன்னாபா, சைக்கிள ஓரமா வுடு, நோ பார்க்கிங்' என்று வைக்கலாம். ஹால் வெடித்துச் சிரிக்கும், ஆனால் அடி முழுக்க முமென் ரைடர் மேல் விழுகிறது. அல்லது குறை சொன்னவன் வாயில் 'ஒரு குத்துக்கா இம்மா நேரம்? இதுக்கு நானே போயிருப்பேனே' என்று வைக்கலாம். சிரிப்பு சற்றுக் குறையும், ஆனால் இப்போது சிரிப்பாகிறவன் நன்றி கெட்டவன்; அவனைத்தான் அந்த எபிசோடும் குறிவைக்கிறது. முதல் வழிக் கிளிப்பைக் 'காலை வாரிவிடுகிறது' அணியும், இரண்டாவதைத் 'தூக்கி நிறுத்துகிறது' அணியும் கேட்டு வாங்கும். இரண்டையும் தயாராக வைத்திருங்கள்.

நடுவர் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. பகடி ஓடி முடிந்ததும் ஒரிஜினலை மறுபடி 10 விநாடி ஓட்டச் சொல்லுங்கள். ஹால் அடங்கிப் பார்த்தால் காட்சி பிழைத்தது என்று பொருள். அப்போதும் சிரித்தால் பகடி காட்சியை விழுங்கிவிட்டது. எந்தப் பேச்சாளரும் இதைவிட நல்ல ஆதாரம் கொடுக்க முடியாது.

'மை ஹீரோ அகாடெமியா'விலிருந்து எடுத்தால் அதன் பெரிய ஹீரோ ஆல் மைட்டின் அடிகளைத் தேடுங்கள். 'டெட்ராய்ட் ஸ்மாஷ்', 'டெக்சாஸ் ஸ்மாஷ்' என்று அமெரிக்க ஊர்ப் பெயர் சொல்லி அடிப்பது ஏற்கெனவே பாதிக் கிண்டல். அதை 'கோயம்பேடு ஸ்மாஷ்' ஆக்கினால் பெயர் மாற்றமா, பகடியா என்று ஒரு பேச்சாளர் ஏழு நிமிஷமும் பேசலாம். அதன் மூலமான மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது என்றாலும் எல்லாரும் கடைசி வரை படித்திருக்க மாட்டார்கள். அனிமேயின் மூன்றாவது சீசனுக்கு மேல் யாரும் போகக் கூடாது என்று எல்லை வைத்து, அதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

நிறம், சாதி, உடம்பு, பெண்களை மட்டமாக்கும் வசனங்கள் உள்ள கிளிப்பை எந்த அணிக்காகவும் போடாதீர்கள். 'சைதாமாவின் வழுக்கையை ஒரிஜினலே கிண்டல் செய்கிறதே' என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். ஒரிஜினல் செய்கிறது என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை என்று நடுவர் சொல்லிவிட்டு நகரலாம்.

கம்பியும் கரண்டும்

கிளிப்புகளை ஒரே லேப்டாப்பில், பேச்சு வரிசைப்படி எண் போட்டுச் சேமியுங்கள். ஓடிடி செயலியிலிருந்து நேராக ஓட்டினால் பல புரொஜெக்டர்களில் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். அது பழுது இல்லை, நகல் தடுப்பு. ஹெச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் ஒலியைப் புரொஜெக்டருக்கு மாற்றிவிடும், அமைப்பில் போய் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மிக்சருக்கு ஒயர் இழுங்கள். 'ங்ங்ங்' என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ரசிகர் வீடியோக்களில் ஒன்று கத்தும், ஒன்று முனகும். எடிட்டிங் செயலியில் எல்லாவற்றின் ஒலி அளவையும் முந்தின நாளே சமப்படுத்திவிடுங்கள். மேடையில் வால்யூமைத் தேடித் தடவுகிற நேரத்தில் சிரிப்பு செத்துவிடும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் பழைய விளக்குப் புரொஜெக்டர் சூடு ஆறித் திரும்ப எரியச் சில நிமிஷம் ஆகும். அந்த இடைவெளிக்குக் கிளிப் தேவைப்படாத மறுப்புரை ஒன்றை நடுவர் கையில் வைத்திருக்கட்டும்.

நாள் பார்க்கும்போது மார்கழியை விட்டுவிடுங்கள். சபாக்கள் நல்ல ஹாலையும் நல்ல ஒலிக்காரரையும் முன்பே பிடித்திருக்கும். சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடும் மாலையும் வேண்டாம், பேச்சாளர்களே வர மாட்டார்கள்.

வாதம் தடம் மாறும் இடங்கள்

ஒன்று, சட்டம். 'இது காப்புரிமைத் திருட்டு' என்று ஒருவர் ஆரம்பிப்பார். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்துவதை அனுமதிக்கிறது, ஆனால் பகடி என்று பெயர் சொல்லி அனுமதிக்கவில்லை. இந்த ஒரு வரியை நடுவரே முன்னுரையில் சொல்லி, இன்றைக்கு நாம் பேசுவது கலையை, சட்டத்தை அல்ல என்று கதவைச் சாத்திவிட வேண்டும்.

இன்னொன்று, 'ஒன் பன்ச் மேன்' இரண்டாவது சீசன். 2019-ல் ஸ்டூடியோ ஜே.சி. ஸ்டாஃபுக்கு மாறிய கோபம் இன்னும் யாருக்கும் தணியவில்லை. 'அந்த சீசனே பகடிதாங்க' என்று ஒருவர் சொன்னால் கைதட்டல் விழும், அதன்பின் பத்து நிமிஷம் அனிமேஷன் தரம்தான் ஓடும். ஒரு தடவை சிரிக்க விடலாம், இரண்டாவது தடவைக்கு மணி அடியுங்கள்.

தீர்ப்பும் பதிவும்

கைதூக்கி ஓட்டு எடுக்காதீர்கள். யார் அதிக நண்பர்களைக் கூட்டி வந்தார்கள் என்பதுதான் தெரியும். 'இரு தரப்புமே வென்றது' என்ற தீர்ப்பையும் இந்தக் கூட்டம் மன்னிக்காது. எந்தக் கிளிப், எந்த வரி தன்னைச் சாய்த்தது என்று நடுவர் பெயர் சொல்லிக் காட்டி, ஒரு பக்கம் சாய வேண்டும்.

நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் கிளிப் ஓடும்போது கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள், யூடியூபில் ஏற்றும் முன் அந்த இடங்களின் ஒலியையும் நீக்குங்கள். அப்படியும் தானியங்கி உரிமைக் கோரல் வந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம்; அதற்குப் பதில் சொல்ல, உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உரிமைக் கோரல் வேறு, ஸ்ட்ரைக் (உரிமையாளர் கேட்டு வீடியோவையே நீக்கும்போது சேனல் மேல் விழும் தண்டனை) வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். ஆகவே வருஷக்கணக்கான வீடியோக்கள் கிடக்கிற சேனலில் இதை ஏற்றாமல், நிகழ்ச்சிக்கென்று தனிக் கணக்கில் புதிதாக ஒன்று தொடங்குங்கள்.