நீரிணை: எதற்கு எழுதலாம், எதற்குக் கூடாது

இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளுக்கு நடுவே, இருபுறமும் நிலம் நெருக்க, இயற்கையாக அமைந்த கடல்வழிதான் நீரிணை. தமிழகச் செய்தித்தாள்களில் இதையே ஜலசந்தி என்பார்கள். நீர்ச்சந்தி என்றும் எழுதுவதுண்டு. இலங்கையிலும் மலேசியாவிலும் நீரிணைதான் பெருவழக்கு. எதை எடுத்துக்கொண்டாலும் கட்டுரை முழுக்க அதையே ஆளுங்கள். மாற்றி மாற்றி எழுதினால் இரண்டு வெவ்வேறு இடங்கள் என்று வாசகர் எண்ணிவிடுவார்.

நீரிணை என்ற சொல்லே நல்லது என்போம். காரணம், அதிகம் நேரும் பிழையை அந்தச் சொல்லே தடுத்துவிடும். ‘ஜிப்ரால்டர் நீரிணை ஸ்பெயினையும் மொராக்கோவையும் இணைக்கிறது’ என்று எழுதுகிறார்கள். தவறு. அது இணைப்பது அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும். ஸ்பெயினையும் மொராக்கோவையும் அது பிரிக்கிறது. நீரை இணைக்கும், நிலத்தைப் பிரிக்கும். நிலச்சந்திக்கு இது அப்படியே தலைகீழ்: பனாமா நிலச்சந்தி இரு அமெரிக்காக்களையும் இணைத்து, இரு பெருங்கடல்களையும் பிரிக்கிறது. இலங்கையில் இதைப் பூசந்தி என்பர்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘கப்பல் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தது’ என்றால் ஈரான் கரையிலிருந்து ஓமான் கரைக்குப் போனதா, பாரசீக வளைகுடாவிலிருந்து வெளியே வந்ததா என்பது தெரியாது. நீளவாக்கில் போனால் ‘வழியாகச் சென்றது’ என்றும், கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போனால் ‘குறுக்கே கடந்தது’ என்றும் எழுதினால் குழப்பமில்லை.

அகலம் சொல்லும்போது எந்த இடத்து அகலம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 700 மீட்டர்தான். பாக் நீரிணையோ இடத்துக்கு இடம் 64 முதல் 137 கிலோமீட்டர் வரை விரியும். ‘குறுகிய’ என்பது அது இணைக்கும் கடல்களோடு ஒப்பிட்டுச் சொல்வது.

கால்வாய் என்ற சொல்லில்தான் சிக்கல் அதிகம். சூயஸ் (1869), பனாமா (1914) இரண்டும் மனிதர் வெட்டியவை. அவை ஒருபோதும் நீரிணை ஆகா. ஆனால் ஆங்கிலக் கால்வாய், மொசாம்பிக் கால்வாய், அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையிலுள்ள பத்து டிகிரிக் கால்வாய் மூன்றும் யாரும் வெட்டாதவை. ஆங்கிலப் பெயரில் உள்ள ‘சானல்’ தமிழில் கால்வாய் ஆனதன் விளைவு இது. நிலைத்த பெயரை மாற்ற வேண்டாம். முதல்முறை எழுதும்போது ‘இயற்கையான கடற்பகுதி’ என்று ஒரு குறிப்புச் சேர்த்தால் போதும். ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதிக்கு டோவர் நீரிணை என்று தனிப்பெயரே உண்டு. அங்கே அகலம் சுமார் 33 கிலோமீட்டர்.

நம் கரையில் பாக் நீரிணையைப் பெயரளவில் எல்லாரும் அறிவர், எல்லையைத்தான் தவறவிடுகிறார்கள். சரியான பொருளில் அது கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் நடுவே உள்ள வடபகுதி. அதற்குத் தென்மேற்கே பாக் விரிகுடா. அதன் தென்னெல்லையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ராமர் பாலம் எனப்படும் மணல்திட்டு வரிசை. அதையும் தாண்டினால் மன்னார் வளைகுடா. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துவோரை ‘பாக் ஜலசந்தியை நீந்தினார்’ என்பது வழக்கமாகிவிட்டது. புவியியல்படி அவர்கள் நீந்துவது ராமர் பாலத்தை ஒட்டித்தான். 1974 இந்திய–இலங்கை எல்லை ஒப்பந்தமும் ‘பாக் நீரிணை முதல் ராமர் பாலம் வரை’ என்று இரண்டையும் தனித்தனி முனைகளாகவே சொல்கிறது.

இந்தப் பெயர் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் நினைவாக வந்தது. ‘பாக்.’ என்று புள்ளி வைத்தால் செய்தித்தாள் வாசகர் பாகிஸ்தான் என்று படிப்பார். ஆகவே புள்ளி கூடாது. இலங்கை வழக்கில் பாக்கு நீரிணை. அங்குள்ளவர்களுக்கு எழுதினால் அப்படியே எழுதுங்கள்.

எழுத்துப்பிழைகளில் இரண்டு அடிக்கடி வரும். நீர்ச்சந்தியில் ‘ச்’ விடுபடக் கூடாது. ‘நீரிணைப்பு’ என்று எழுதிவிட்டால் அது குடிநீர்க் குழாய் இணைப்பைப் போலாகிவிடும். நீரிணை, நீரிணையில், நீரிணைக்கு, நீரிணைகள் என்றே வரும்.