வின்செஸ்டர் சகோதரர்களை எடைபோடுவது எப்படி?

பேய் வேட்டையாடும் வின்செஸ்டர் சகோதரர்களின் கதையான 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2005 முதல் 2020 வரை ஓடியது, மொத்தம் 327 பகுதிகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அலச வேண்டாம். அண்ணன் டீனோ தம்பி சாமோ செய்த ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் மூன்று கேள்விகள் இருக்கும்: முடிவெடுத்தது யார், யாருக்காக, விலை கொடுத்தது யார்?

ஒன்பதாம் சீசனைப் பாருங்கள். சாகக் கிடக்கும் தம்பியை ஏமாற்றிச் சம்மதிக்க வைத்து, ஒரு தேவதூதனை அவன் உடலுக்குள் விடுகிறான் டீன். சாமுக்கு விஷயமே தெரியாது. அந்தத் தேவதூதன் சாமின் கையாலேயே அவர்களின் நண்பன் கெவினைக் கொல்கிறான். பாசம் டீனுடையது, போன உயிர் கெவினுடையது. மூன்றாவது கேள்வியில்தான் நான் வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் முதல் பகுதிக்குப் போங்கள். தீப்பிடித்த வீட்டில், நான்கு வயது டீனின் கையில் கைக்குழந்தை சாமைக் கொடுத்து ஓடச் சொல்கிறார் அப்பா. டீன் இன்னும் அந்தக் குழந்தையைக் கீழே இறக்கவில்லை என்று தோன்றும். இது காரணம், மன்னிப்பு இல்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சாமுக்கும் அதே அளவுகோல்தான். பேய் ரத்தம் குடித்து, லிலித் என்ற பேயைக் கொன்றது அவன் முடிவு; அது சாத்தானான லூசிபரைத் திறந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியாக, ஒன்பதாம் சீசனின் சமையலறைக் காட்சி. இதே நிலை டீனுக்கு வந்தால் தான் அப்படிச் செய்ய மாட்டேன் என்கிறான் சாம். ஒருமுறை டீனின் முகத்தை மட்டும் பாருங்கள். மறுமுறை சாமின் முகத்தை.