மானாவாரி நிலத்தில் மூடுபயிர்: மண்ணுக்கும் குடலுக்கும் உணவாகும் கொள்ளு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிச் செம்மண் நிலங்களில் தை அறுவடைக்குப் பிறகு ஆடி வரை பெரும்பாலும் எந்தப் பயிரும் நிற்பதில்லை. வெயிலில் காய்ந்து கிடக்கும் மேல்மண்ணைக் கோடைமழையின் முதல் வேகமே அடித்துக்கொண்டு போகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்த மாதங்களில் இரையும் இல்லை, நிழலும் இல்லை. உயிருள்ள வேர் ஒன்று இருந்தால், இலையில் உருவான சர்க்கரையில் ஒரு பங்கை வேர்க்கசிவாக வெளியிட்டு அவற்றை அது வளர்க்கும். நம் பெருங்குடலிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலைப் பெரிதும் அதிலிருந்தே பெறுகின்றன. மண்ணின் பாக்டீரியா நேரே வயிற்றுக்குள் சென்று நன்மை செய்யும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இடையே நிற்பது பயிர். மண்ணை மூடிக் காக்கும் பயறே அடுப்பில் ஏறி நார்ச்சத்தாகக் குடலைச் சேர்கிறது.

முதலில் மண்ணைப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியையும், ஆண்டுக்கணக்கில் உழாத வரப்போரப் புல்லடியிலிருந்து இன்னொரு கட்டியையும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். புல்லடிக் கட்டி பெரும்பாலும் குமிழிவிட்டபடி உருக்குலையாமல் நிற்கும். உழுது உழுது களைத்த நிலத்தின் கட்டியோ சில நிமிடங்களில் கரைந்து, டம்ளரின் அடியில் சேறாகப் படியும். மண்துகள்களைப் பிணைப்பவை வேர்களும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையுமே என்பதால், உங்கள் மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை இந்த டம்ளரே சொல்லிவிடும்.

சித்திரை, வைகாசியில் கோடைமழை கிடைத்தவுடன் மண்ணுக்கே உரமாக மடக்கி உழும் பசுந்தாள் பயிர்களான சணப்பை ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ அல்லது தக்கைப்பூண்டை 20 கிலோ விதைத்து, பூக்கத் தொடங்கும் 45 முதல் 50 நாட்களுக்குள் மடக்கி உழுதுவிடுங்கள். பூ முற்றவிட்டால் தண்டு நாராகி, மட்குவதற்கு நாளாகும். உழுத பின் ஈரம் இருக்கும் நிலையில் இரண்டு வாரமாவது விட்டுவிட்டே அடுத்த விதைப்பைத் தொடங்க வேண்டும். ஆடு மாடுகள் மேயும் இடமானால், அவை அவ்வளவாக நாடாத இன்னொரு பசுந்தாள் பயிரான கொழிஞ்சியே பொருத்தமானது. சணப்பு விதை உண்ணத் தகாதது என்பதால், அதைத் தானிய மூட்டைகளுக்கு அருகே வைக்காதீர்கள்.

ஆனால் இப்பகுதிக்கு மிகவும் உகந்த மூடுபயிர் கொள்ளுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆடியில் விதைத்த சாமை புரட்டாசி, ஐப்பசி வாக்கில் அறுவடையானதும், நிலத்தில் ஈரம் வற்றுமுன் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதையுங்கள். விதைப்பதற்கு முன், ஆறிய அரிசிக் கஞ்சியில் ஒரு பொட்டலம் ரைசோபியம் என்னும் பாக்டீரியா உரத்தைக் கலந்து, விதையில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவது அந்தப் பாக்டீரியாதான். படர்ந்த கொடி, பனியும் வடகிழக்குப் பருவமழையும் தந்த ஈரத்தை மண்ணிலேயே காத்து நிற்கும். அறுவடையின்போது செடியைப் பிடுங்காமல் அரிவாளால் தரையை ஒட்டி அறுத்தெடுத்தால், முடிச்சுகளோடு கூடிய வேர் உள்ளேயே மட்கும். கேழ்வரகு போடுபவர்கள், எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை அல்லது மொச்சை சேர்த்தால், கேழ்வரகு அறுத்த பின்னும் நிலம் மூடியே இருக்கும்.

இனி அடுப்படி. கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியில் கட்டி முளைகட்டிய பின் வேகவைப்பது நல்லது. இரும்பு, துத்தநாகச் சத்துகளை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலமும், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் இதனால் குறையும். பயறு அதிகம் உண்டு பழகாதவர்கள், வாரம் இருமுறை ஒரு கைப்பிடி என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். குடலின் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் வயிறு உப்புகிறது என்று பலர் நிறுத்திவிடுவதுதான் வருத்தம். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழில், அடுப்பின் சூட்டில் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். ஆறிய கூழில் மோர் கலக்கும்போதுதான் உயிருள்ளவை மீண்டும் சேர்கின்றன. கொல்லையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் களைக்கொல்லி அடிக்காத இடத்தில் மட்டும் பறித்து, நன்றாகக் கழுவிக் கடைந்து களியோடு உண்ணுங்கள்.

பச்சைச் சாணத்தையும் மனிதக் கழிவையும் கீரைப் பாத்தியில் இடாதீர்கள்; ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், கொக்கிப்புழு தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும்.

கொள்ளு அடித்து முடித்ததும் எஞ்சும் காய்த்தோலையும் சருகையும் மாட்டுக்குக் கொடுத்து, அதன் சாணத்தை எருக்குழியில் சேருங்கள். முற்றிய, ஒரே அளவுள்ள கொள்ளில் 8 கிலோவைத் தனியே எடுத்து, நன்றாகக் காயவைத்து, சாம்பல் புரட்டிப் பானையில் மூடி வையுங்கள். அடுத்த புரட்டாசியில் அந்த ஏக்கருக்கு வேண்டிய விதை அது.