ஒன்ராறியோ மாகாணத் தேர்தலும் தொழிற்சங்க ஆதரவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிற்சங்கம் தான் விரும்பும் கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதாக அறிவிப்பதற்கு ஒன்ராறியோவில் எந்தத் தடையும் இல்லை. 2022ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் கட்டுமானத் துறைச் சங்கங்கள் சில முற்போக்குப் பழமைவாதக் கட்சியை வெளிப்படையாகவே ஆதரித்தன. அறிவிப்போடு சேர்ந்து பணமும் பொருளும் கைமாறத் தொடங்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. நல்ல நோக்கமுள்ள கிளைச் சங்கங்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

சங்க நிதியிலிருந்து வேட்பாளருக்குக் காசோலை எழுதுவது முதல் தவறு. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிகளுக்கோ வேட்பாளர்களுக்கோ நன்கொடை அளிப்பதை மாகாணத்தின் தேர்தல் நிதிச் சட்டம் 2017 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. சங்க மண்டபத்தை வாடகையின்றிப் பரப்புரை அலுவலகமாகக் கொடுப்பதும், வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தைச் சங்கச் செலவில் அச்சடித்துக் கொடுப்பதும் நன்கொடைதான். உறுப்பினர்களிடம் சங்கப் பணத்தைக் கொடுத்து அவரவர் பெயரில் செலுத்தச் சொல்வது அதைவிட மோசமானது; ஏனெனில் நன்கொடை கொடுப்பவரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு கட்சிக்கு அளிக்கக்கூடிய உச்சத் தொகை 2025ஆம் ஆண்டில் 3,400 டொலராக இருந்தது. ஒன்ராறியோவில் வாழும் நிரந்தர வதிவாளரும் நன்கொடை அளிக்கலாம், ஆனால் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் உறுப்பினர்கள் நம்மவர்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த தவறு கண்ணுக்கு எளிதில் தெரியாதது. ஆதரவு அறிவிப்பை 600 பிரதிகள் அச்சடிக்கும் ஒரு கிளைச் சங்கம், 400 பிரதிகளை வேலைத்தளத்தில் தன் உறுப்பினர்களின் கையில் கொடுக்கிறது. அது விளம்பரமாகாது, ஏனென்றால் சங்கம் தன் உறுப்பினர்களிடம் நேரடியாகப் பேசுவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. மிஞ்சிய 200 பிரதிகளை வீணாக்க மனமின்றி யாரோ ஒருவர் பக்கத்து அடுக்குமாடியின் தபால் பெட்டிகளில் போட்டுவிட்டால், அதே தாள் பொதுமக்களுக்கான அரசியல் விளம்பரமாகிவிடுகிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு 500 டொலர் செலவானதும் சங்கம் மூன்றாம் தரப்பாக, அதாவது கட்சியோ வேட்பாளரோ அல்லாத விளம்பரதாரராக, தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் தன் பெயரையும் காட்ட வேண்டும். கட்சியின் பெயரைச் சொல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்று எண்ணுவதும் பிழை, ஏனெனில் ஒரு கட்சியோடு நெருங்கிப் பிணைந்ததாகக் கருதத்தக்க பிரச்சினையில் நிலைப்பாடு எடுக்கும் விளம்பரமும் இதில் அடங்கும்.

பதிவு செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் வேட்பாளரின் குழுவோடு உட்கார்ந்து விளம்பரத்தைத் திட்டமிடும் சங்கங்களும் உண்டு. அவர்களோடு ஒருங்கிணைந்து, அவர்கள் அறிந்து சம்மதித்து வெளியிடப்படும் விளம்பரம் நன்கொடையாகவே கணக்கிடப்படுவதால், கதை மீண்டும் முதல் தவறுக்கே திரும்புகிறது.

2025 மார்ச் 7ஆம் தேதி கனடா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் பலர் பிழையாகப் புரிந்துகொண்டுள்ளனர். தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய 12 மாதங்களில் மூன்றாம் தரப்புகள் செய்யும் செலவுக்கு ஒன்ராறியோ விதித்திருந்த வரம்பு வாக்குரிமையை மீறுவதாக ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த நீதிமன்றம் கூறியது. தொழிலாளர் தரப்பு நெடுங்காலம் போராடிப் பெற்ற முக்கியமான வெற்றி அது. ஆயினும் தேர்தல் காலத்துக்கான செலவு வரம்பையோ, சங்க நன்கொடைத் தடையையோ அந்தத் தீர்ப்பு நீக்கவில்லை.

சஸ்காச்சுவானில் சங்கங்கள் நன்கொடை கொடுக்கின்றனவே என்று ஒப்பிடுவதும் பயன் தராது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சட்டம். வாக்களிப்பு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் புதிய விளம்பரம் வெளியிடக் கூடாது என்பதைக் கடைசி நேர ஆர்வத்தில் மறந்துவிட வேண்டாம். வாக்களிப்பு நாளில் உறுப்பினர்களுக்குச் சங்கம் நினைவூட்ட வேண்டியது வேறொன்று: வாக்களிப்பதற்காகத் தொடர்ந்து மூன்று மணி நேரம் வேலையிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு.