பேக்பிளேட் ஹார்னஸை உடலுக்குப் பொருத்துதலும் எடையைச் சமன்செய்தலும்

பேக்பிளேட் (முக்குளிப்பாளரின் முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்கும் உலோகத் தகடு) அணிந்து நீருக்குள் இறங்கும் ஒருவருக்குக் கால்கள் தாழ்ந்துகொண்டே போனால், அவர் உடனே ஈயக் கட்டிகளை மேலும் கீழுமாக மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார். உண்மையில் அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. தகடு முதுகில் அசையாதபடி வார்களைச் சரிசெய்வது முதல் வேலை. மொத்தம் எவ்வளவு எடை தேவை என்று கண்டறிவது இரண்டாவது. அந்த எடையை எங்கே வைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழ வேண்டும். எடை தேவைக்கு மேல் இருந்தால் அதை ஈடுகட்ட விங்கில் (தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்கும் காற்றுப் பையில்) கூடுதலாகக் காற்றடைக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்று, உடல் சற்றுச் சாய்ந்தாலும் உயரமான மூலைக்கு ஓடிச் சாய்வை இன்னும் பெரிதாக்கும் என்பதால், ஈயத்தை எங்கே வைத்தாலும் பலன் இராது.

தகட்டை உடலோடு கட்டும் வழக்கமான ஹார்னஸ் 5 செ.மீ. அகலமுள்ள ஒரே நீள நைலான் வாரால் ஆனது. தகட்டின் மேல் துளைகளிலிருந்து தோள்களின் மீது வந்து, அக்குள்களுக்கு அடியில் சென்று, கீழ்மூலைத் துளைகளுக்குள் புகுந்து, அதுவே இடுப்பு வாராக வெளிவருகிறது. ஃபுளோரிடாவின் குகை முக்குளிப்பாளர் வில்லியம் ஹோகார்த் மெயினின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில் உடையக்கூடிய பிளாஸ்டிக் கொக்கிகள் இல்லை. ஆனால் ஒருவருக்குப் பொருத்தியது இன்னொருவருக்குப் பொருந்தாது. வாரைக் கோக்கும் முன் தகட்டின் துளை விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டுப்பட்டால் உப்புத்தாளால் தேய்த்துவிடுவது நல்லது. அளவெடுக்கும்போது, நீருக்குள் எந்த வெட்சூட்டை (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடையை) அணியப்போகிறீர்களோ அதையே அணிந்திருக்க வேண்டும்.

சிலிண்டர் இல்லாமல் தகட்டை மட்டும் மாட்டிக்கொண்டு நின்று, கையைத் தோளுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோனால், தகட்டின் மேல்விளிம்பு விரல் நுனிகளுக்கு எட்ட வேண்டும். தோள் வாருக்கும் மார்புக்கும் இடையே உள்ளங்கை தடையின்றி நுழைய வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். பிறகு ஹார்னஸைக் கழற்றும்போது முழங்கையை மடக்கி வெளியே எடுக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். தகட்டை உடலோடு பிடித்து வைக்க வேண்டியவை இடுப்பு வாரும், கால்களுக்கு இடையே வரும் கவட்டு வாரும்தான்; தோள் வாருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. கவட்டு வார், குனியும்போது உறுத்தாமலும் நிமிரும்போது தொய்யாமலும் இருந்தால் போதும்.

மார்பில் வரும், சாதனங்களை மாட்டுவதற்கான இரண்டு டி-வளையங்களும் அக்குள் மட்டத்திற்குச் சற்று மேலே அமையலாம். கையுறை அணிந்த எந்தக் கையாலும், குனிந்து பார்க்காமல் அவற்றைத் தொட முடிகிறதா என்பதே சரியான சோதனை. மூன்றாவது வளையம் இடது இடுப்பெலும்பை ஒட்டி வரும். கவட்டு வாரின் வளையம் இடுப்பின் நடுவில் அமர்வதால், இடுப்பு வாரின் பக்கிளை நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி வைக்க வேண்டும். மிஞ்சும் வாரை, ஓரிரு முறை நீரில் இறங்கிப் பார்த்த பின்னரே வெட்டுங்கள். முனையைச் சாய்வாக வெட்டித் தீயில் காட்டி உருக்கிவிட்டால் நூல் பிரியாது, பக்கிளுக்குள்ளும் எளிதாக நுழையும்.

எடைக் கணக்கில் முதலில் வருவது தகடுதான். எஃகுத் தகடு பொதுவாக 2.7 கிலோ அளவிலும், அலுமினியத் தகடு 0.9 கிலோ அளவிலும் இருக்கும். கடல்நீரில் எஃகு தன் எடையில் எட்டில் ஒரு பங்கையும், அலுமினியம் ஐந்தில் இரண்டு பங்கிற்குச் சற்றுக் குறைவாகவும் இழக்கின்றன. எனவே நீருக்குள் எஃகுத் தகடு சுமார் 2.3 கிலோவாகவும், அலுமினியத் தகடு அரைக் கிலோவுக்குச் சற்று மேலாகவும் எடை காட்டும். அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாறுபவர் ஏறத்தாழ 2 கிலோ ஈயத்தைக் கழற்றி வைத்துவிடலாம்.

அடுத்தது சிலிண்டருக்குள் இருக்கும் காற்று. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும்; மூச்சு விட விட அந்த எடை குறைந்துகொண்டே போகும். ஆகவே எடையை முடிவு செய்ய வேண்டிய தருணம் முக்குளிப்பின் தொடக்கம் அல்ல, முடிவுதான். அழுத்தமானி 50 பார் காட்டும்போது, 5 மீட்டர் ஆழத்தில், கூட்டாளி அருகில் இருக்க, விங்கிலுள்ள காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, ஃபின்களை (கால் துடுப்புகளை) அசைக்காமல் இயல்பாக மூச்சு விடுங்கள். மூச்சை இழுக்கும்போது மெல்ல மேலெழுந்து, விடும்போது மெல்லத் தாழ்ந்தால் எடை சரி. நுரையீரல் நிறைந்திருக்கும்போதும் தாழ்ந்துகொண்டே போனால், அடுத்த முறை அரைக் கிலோ குறைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையின்போது மூச்சை அடக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், சொல்லிவிடுவது நல்லது.

இனி எடையை வைக்கும் இடம். நீருக்குள் உடலின் நிலை மாறுவதைத் தீர்மானிப்பது எடை மட்டுமன்று. எடையை நகர்த்திய தூரத்தால் பெருக்கி வரும் தொகையே தீர்மானிக்கிறது. இடுப்பிலிருக்கும் 1 கிலோ ஈயத்தைச் சிலிண்டரைத் தகட்டோடு கட்டும் மேல்பட்டைக்கு 40 செ.மீ. உயர்த்தினால் அந்தத் தொகை 40. நீருக்குள் 2 கிலோ எடை காட்டும் எஃகுச் சிலிண்டரை 5 செ.மீ. உயர்த்தினால் அது வெறும் 10. அலுமினியச் சிலிண்டரோ நிரம்பியிருக்கும்போது நீருக்குள் ஏறத்தாழ எடையே இல்லாமல் இருக்கும். காலியாகும்போது 2 கிலோ அளவுக்கு மிதக்கவும் தொடங்கும். அதைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று படகில் கிடைக்கும் ஆலோசனையை நான் பெரிதாக நம்புவதில்லை. சிலிண்டரின் உயரத்தை, வால்வு தலையில் இடிக்காமலும் கைக்கு எட்டும்படியும் வைத்துவிட்டு, நிலையை ஈயத்தால் சரிசெய்வதே நேரான வழி.

சோதிக்கும் முறை எளிது. முழங்கால்களை மடக்கி, கைகளை முன்னே வைத்து, நீருக்குள் கிடைமட்டமாக மிதந்து, அரை நிமிடம் எதையும் அசைக்காதீர்கள். கூட்டாளி பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். கால்கள் தாழ்ந்தால் இடுப்பிலிருந்து 1 கிலோவை மேல்பட்டையிலுள்ள சிறு பைக்கு மாற்றுங்கள். தலை தாழ்ந்தால் நேர்மாறாகச் செய்யுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் போதும். கனமான ரப்பர் ஃபின்களுக்குப் பதிலாக இலகுவானவற்றை அணிவதும், தூரம் அதிகம் என்பதால், வியப்பூட்டும் அளவுக்கு வேலை செய்யும். அலுமினியச் சிலிண்டரின் அடிப்பகுதி காலியாகும்போது மேலெழும் என்பதால் இந்தச் சோதனையையும் முக்குளிப்பின் இறுதியில் செய்வதே நல்லது. தொடக்கத்தில் கால்கள் சற்றுத் தாழ்ந்திருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் உருள்வது தனிப் பிரச்சினை: வலது இடுப்பில் விளக்கின் மின்கலம் தொங்கினால் அதே அளவு ஈயத்தை இடப்புறம் வைக்க வேண்டும். நீர்மட்டத்தில் முகம் முன்னே தள்ளப்பட்டால், முதலில் விங்கில் காற்றைக் குறைத்துப் பாருங்கள்.

ஈயம் முழுவதையும் தகட்டிலும் சிலிண்டர் பட்டையிலும் கட்டிவிட்டால் அவசரத்தில் கழற்றி விட எதுவும் இராது. மெல்லிய வெட்சூட்டுக்கு இது ஏற்கத்தக்கதே, ஒரு நிபந்தனையோடு: விங்கில் காற்றே இல்லாமல், நிரம்பிய சிலிண்டரோடு, ஃபின்களால் மட்டும் மேலே நீந்தி வர முடிய வேண்டும். இதை நீச்சல் குளத்தில் சோதித்துப் பார்க்கலாம். தடித்த வெட்சூட்டின் கதை வேறு. 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்காவதால் அதன் ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் சுருங்கி, மேலே இருந்த மிதப்பில் கணிசமான பங்கு போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஈயத்தில் ஒரு பகுதியையாவது இடுப்பு பெல்ட்டில் வைத்து, கழற்றினால் கவட்டு வாரில் சிக்காமல் விழும்படி அதற்கு வெளியே கட்ட வேண்டும்.

இறுதியாகக் கிடைத்த எண்களை வெட்சூட், சிலிண்டர், நீர் ஆகியவற்றின் வகையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். நன்னீர் கடல்நீரைவிட 2.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. சாதனங்களோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ளவர் ஏரியில் இறங்கும்போது ஏறத்தாழ 2.5 கிலோ ஈயத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்கும்போது மேல்பட்டையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் முன்பிருந்த அதே விகிதத்தில் எடுத்தால், நிலையைப் புதிதாகத் தேட வேண்டியிராது.